தாம்பாளத்தில் கொண்டுபோன தாழ்மை

தாழ்மையைப் போலத் தலைக்கேறுகிற சமாசாரம் உலகத்தில் வேறெதுவும் இல்லை. கள் குடித்தவன்கூடக் காலையில் தெளிந்துவிடுவான். ‘இந்த வீட்டு வரிசையிலேயே என்னைப்போல் தாழ்மையானவன் கிடையாது’ என்று நினைக்க ஆரம்பித்தவன் அவ்வளவு சுலபத்தில் தெளிய மாட்டான். அவன் தெளிவதற்கு அடுத்த வீட்டுக் கல்யாணம் ஒன்று நின்றுபோகிற நிலைமை வர வேண்டும். எனக்கு வந்தது.

என் பெயர் அந்தோணி. படிப்பு ரொம்பக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தேய்த்த அளவுக்குப் புத்தகத்தைத் தேய்க்கவில்லை. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஜெலுத்தோங் பக்கம் ஒரு வரிசை வீட்டில் நானும் மனைவி ஸ்டெல்லாவும் மகள் கிறிஸ்டினாவும் குடியிருக்கிறோம். ஞாயிறு பூசை தவறியதில்லை. ஜெபிக்காமல் சாப்பாட்டில் கை வைத்ததில்லை (ரொட்டி சானாய்க்கும் அதே சட்டம்தான், நான் கண்ணைத் திறப்பதற்குள் கடைக்கார பாய் இரண்டு தடவை குழம்பு ஊற்றிவிடுவார்). விசுவாசம் வாயோடு நின்றுவிடக் கூடாது, செயலில் தெரிய வேண்டும் என்பது என் கொள்கை. செயல் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நாலு பேருக்குத் தெரியுமே என்பதும் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக் கணேசன் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். சுவர் என்றா சொன்னேன்? அது ஒரு சாப்பாட்டு மேஜை. கணேசன் மனைவி பரமேஸ்வரி வைத்த சாம்பார் இந்தப் பக்கம் வரும். ஸ்டெல்லா வைத்த மீன்குழம்பு அந்தப் பக்கம் போகும். தீபாவளிக்கு முறுக்கு வரும், கிறிஸ்மஸுக்குக் கேக் போகும். எந்த நேரம் பார்த்தாலும் யார் வீட்டுக் கிண்ணமாவது கழுவிக் கவிழ்த்து அந்தச் சுவரின் மேல் காய்ந்துகொண்டிருக்கும்.

அந்தச் சுவரை ஒரே ராத்திரியில் காலி செய்தவன் நான்தான்.

தவக்காலம் ஆரம்பித்த வாரம். எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். நான் முன்னின்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல உருக்கமான கட்டம். இரண்டு அம்மாக்கள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கணேசனின் மகன் விக்கி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன், நல்ல பையன்தான். ஆனால் அவன் மோட்டாரின் புகைக்குழாய், வயிற்றுவலிக்காரப் புலி மாதிரி உறுமும். வீட்டு வாசலில் நிறுத்தி கேட்டைத் திறக்கும்வரை அது உறுமிக்கொண்டே இருந்தது. எனக்கு உருக்கம் போய் உக்கிரம் வந்துவிட்டது. வாசலுக்கு ஓடி, கையை நீட்டி, பேய் விரட்டுகிற குரலில் கத்தினேன்:

“இயேசுவின் நாமத்தினாலே... மோட்டாரை ஆஃப் பண்ணு!”

மோட்டார் பட்டென்று செத்தது.

அவன் சாவியைத் தொடவே இல்லை. அதுவாகவே நின்றது. உள்ளே இருந்தவர்கள் (தவக்காலத்தில் அல்லேலூயா சொல்வதில்லை என்பதையே மறந்து) “அல்லேலூயா!” என்று கூரை அதிரக் கத்தினார்கள். விக்கி என்னைப் பார்த்தான், உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்தான், “சாரி, அங்கிள்” என்றான். மோட்டாரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நான் கலிலேயாக் கடலை அடக்கிவிட்டு வந்தவன் மாதிரி உள்ளே திரும்பினேன்.

மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பரமேஸ்வரி கேட்டாள்: “ஏங்க அண்ணே, என் புள்ள என்னா பேயா? ஓ.டி. முடிச்சிட்டு வர்ற புள்ளைய நாலு பேர் முன்னாடி பேய் ஓட்டுறீங்க?”

“நான் மோட்டாரைத்தான்மா ஓட்டினேன்...” என்று ஏதோ உளறினேன். கணேசன் சுவரின் மேலிருந்த எங்கள் கிண்ணத்தை எடுத்து எங்கள் பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் பூனை மட்டும்தான் உட்கார்ந்தது. ஸ்டெல்லா சமைக்கும்போது பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி கூடப் போட்டுவிட்டு, அதை என் தட்டில் கொட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் குனிந்து சாப்பிடுவேன்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு கௌரவம் வந்து சேர்ந்தது. பெரிய வியாழன் இரவில், ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, ஃபாதர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் ஒருவனாக என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கிடங்கு பூட்ஸுக்குள் ஊறி ஊறி என் குதிகால் வெயில் காலத்து வயல் மாதிரி வெடித்துக் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு ஃபாதர் முன்னால் எப்படி உட்காருவது? தினமும் வேலை முடிந்து வந்து பின்கட்டில் உட்கார்ந்து கல்லை வைத்துத் தேய்த்தேன். தேங்காயெண்ணெய் தடவி, சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கினேன். “கல்யாணத்தப்பகூட நீங்க இவ்வளவு தேய்க்கல” என்றாள் ஸ்டெல்லா.

குருத்து ஞாயிறு வந்தது. பிரசங்கத்தில் ஃபாதர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“வியாழக்கிழமை நான் பன்னெண்டு பேர் காலைக் கழுவப்போறேன். ஆனா வருஷா வருஷம் பார்க்கிறேன், எல்லாரும் வீட்டுலயே நல்லா தேய்ச்சு, பவுடர் போட்டுக்கிட்டு வர்றீங்க. அப்புறம் நான் என்னத்தைக் கழுவ?”

கோயில் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

“இந்த வருஷம் ஒண்ணு செய்யுங்க. எல்லாருக்கும்தான் சொல்றேன். வியாழக்கிழமைக்குள்ள நீங்க ஒருத்தருக்குக் குனிஞ்சிட்டு வாங்க. யார் மூஞ்சியைப் பார்க்க முடியாம இருக்கீங்களோ, அவங்களுக்கு. எப்படிக் குனியிறதுன்னு நான் சொல்லமாட்டேன். உங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் ஏத்தமாதிரி செய்ங்க.”

அது என் நெஞ்சில் நேராக வந்து இறங்கியது. காரில் வீடு திரும்பும்போது ஸ்டெல்லா சொன்னாள்: “சாயங்காலம் பாயாசம் வைக்கிறேன். ஒரு கிண்ணத்துல கொண்டுபோயி பரமு கையில கொடுங்க. ‘நான் பேசினது தப்பும்மா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிஞ்சிச்சு லா.”

“பாயாசமா?” என்றேன் ஏளனமாக. “ஆண்டவர் சீடர்களுக்குப் பாயாசமா கொடுத்தாரு? காலைக் கழுவினாரு ஸ்டெல்லா, காலை!”

“சாப்பாடும்தான் கொடுத்தாரு” என்றாள் அவள்.

பதில் இல்லாத இடத்தில் எல்லாம் நான் முடிவெடுத்துவிடுவேன். விக்கியின் காலை நானே கழுவுவது என்று முடிவெடுத்தேன். வியாழன்வரை காத்திருப்பானேன்? இன்றைக்கே!

சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கணேசனும் பரமேஸ்வரியும் காரில் எங்கோ கிளம்பினார்கள். விக்கி மட்டும் வாசல் போர்ட்டிக்கோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. தலையில் எண்ணெய் பளபளத்தது. சரி, பையன் ஏதோ சினிமாவுக்குக் கிளம்புகிறான், அதற்குள் போய்விட வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

பேச்சுவார்த்தை இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவனுக்குப் பார்த்த பெண்ணின் அப்பாவும் அம்மாவும், கணேசனின் அக்கா ராஜம்மாவும், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுங்கை பாக்காப்பிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பெண்ணை இவர்கள் போய்ப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. அந்த வீட்டார் இங்கே வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டால் தேதி குறிக்க வேண்டியதுதான். ராகு காலம் முடிந்து ஆறு மணிக்குமேல் வருவதாக ஏற்பாடு. கணேசன் போனது பலகாரம் வாங்க. இவ்வளவும் தெருவில் எல்லாருக்கும் தெரியும், முனையில் அப்பம் பாலேக் சுடுகிற சீனக் கிழவர் உட்பட. எனக்குத்தான் சொல்ல ஆளில்லை.

நான் ஏற்பாடுகளில் இறங்கினேன். பிளாஸ்டிக் பேசின் ஒன்று இருந்தது. ஆனால் அது கழிவறைத் துணி ஊறவைக்கிற பேசின். ஆண்டவருக்காகச் செய்கிற காரியத்துக்கு அதையா எடுப்பது? ஸ்டெல்லாவின் சீர்வரிசைப் பித்தளைத் தாம்பாளத்தை அலமாரி மேலிருந்து இறக்கினேன். செம்பில் தண்ணீர் எடுத்தேன். சும்மா தண்ணீராக இருந்தால் நன்றாக இருக்காது என்று கிறிஸ்டினாவின் பூச்சரத்திலிருந்து நாலு மல்லிகை கிள்ளிப் போட்டேன். ஆண்டவர் செய்தது போலவே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டேன். கோயிலில் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலை இருந்தது. அதை கிறிஸ்டினா அழகழகாகப் பின்னி வைத்திருந்தாள். சமாதானத்தின் அடையாளமாக இருக்கட்டுமே என்று, போகும்போது கணேசன் வீட்டு கேட்டில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தொங்கவிட்டேன்.

(‘யோவ், நீ தமிழன்தானே, நூறு இந்துக் கல்யாணம் பார்த்திருப்பாயே, பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளைக்குப் பாத பூஜை செய்வாரே, அது உனக்குத் தெரியாதா?’ என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன். நூறு கல்யாணம் போயிருக்கிறேன். மேடையில் பாத பூஜை நடக்கிற நேரத்தில் நான் எப்போதும் முதல் பந்தியில் இருப்பேன்.)

விக்கி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பாவம், மறுபடியும் பேய் ஓட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

“உட்காருப்பா” என்றேன்.

“என்னா அங்கிள்?”

“ஒண்ணுமில்ல. காலைக் கொடு.”

“எ... எதுக்கு அங்கிள்?”

“கழுவத்தான்.”

“நான் குளிச்சிட்டேன் அங்கிள்!”

“இது அந்தக் கழுவல் இல்லப்பா” என்று சொல்லி மண்டியிட்டு, அவன் வலது காலைப் பிடித்துத் தாம்பாளத்தில் வைத்தேன். “அன்னைக்கு நாலு பேர் முன்னாடி உன்னை நான் பேசினது...” என்று ஆரம்பித்தேன். அழுகை முட்டியது, எனக்கே என்னைப் பார்த்து மனம் உருகிவிட்டது. செம்பைச் சாய்த்து உள்ளங்காலைத் தேய்த்தேன்.

பையனுக்குக் காலில் கிச்சு கிச்சு உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்?

“ஐயோ அங்கிள்... ஹிஹி... வேணாம் அங்கிள்... ஹிஹிஹி...” என்று அவன் நெளிந்தான். நான் விடவில்லை. இடது காலையும் பிடித்தேன். அவன் நாற்காலியின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, தலையைக் குனிந்து குலுங்கினான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெட்கம்.

அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. துடைக்கத் துண்டு வேண்டுமே, இடுப்பில் இருப்பது நனைந்துவிட்டதே. சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தேன்: “கிறிஸ்டினா! நல்ல துண்டா ஒண்ணு கொண்டாம்மா!”

என் மகள் வந்தாள். காலையில் கோயிலுக்குக் கட்டிய அதே பட்டுச்சேலை, தலையில் மீதி மல்லிகை. துண்டை மடித்து ஒரு தட்டில் வைத்து, ‘அப்பா என்ன செய்கிறார்’ என்று புரியாமல் என் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள்.

அப்போது ஒரு வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. பாலத்தில் நெரிசல் இருக்கும் என்று பயந்து முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள். பாலத்தில் அன்றைக்கு நெரிசலே இல்லை.

இறங்கியவர்கள் கண்ட காட்சியை நீங்களே யோசித்துப் பாருங்கள். கேட்டின் இரண்டு பக்கமும் குருத்தோலைத் தோரணம். உள்ளே பித்தளைத் தாம்பாளம், மல்லிகை மிதக்கிற தண்ணீர். நாற்காலியில் புதுச் சட்டையில் வெட்கப்பட்டுச் சிரிக்கிற மாப்பிள்ளை. பட்டுச்சேலையில் தட்டோடு ஒரு பெண். அவளைப் பெற்றவன் மண்டியிட்டு மாப்பிள்ளையின் காலைக் கழுவுகிறான்.

சட்டைப்பையில் பேனா செருகியிருந்த பெரியவர், பெண்ணின் அப்பா, கேட்டருகே அப்படியே நின்றார். தோரணத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ராஜம்மாவிடம் ரொம்ப அமைதியாகச் சொன்னார்:

“இங்க பாத பூஜையே நடக்குதும்மா. நாங்க லேட்டாயிட்டோம் போல.”

“ஐயோ, இல்லீங்க! இது யாருன்னே...” என்று ராஜம்மா பதறினாள். என்னைப் பார்த்து, “யோவ் அந்தோணி! என் மருமவன் காலை விடுய்யா!” என்று அலறினாள். நான் திரும்பிப் பார்த்து, பணிவாக, “ஒரு நிமிஷம்க்கா, துடைச்சிட்டு விட்டுடறேன்” என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் வெள்ளைக் கார் திரும்பிவிட்டது. பெரியவரும் அவர் மனைவியும் அதில் போய்விட்டார்கள். ராஜம்மா நடுத்தெருவில் நின்றாள். எதிர்ப்பக்கமிருந்து கணேசனும் பரமேஸ்வரியும் பலகாரப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ராஜம்மா சொல்லச் சொல்ல பரமேஸ்வரியின் முகம் மாறியதைப் பார்த்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு என் புள்ளைய பேயின்னாரு. இன்னைக்கு மாப்பிள்ளையாக்கிட்டாரு. இந்த மனுசனுக்கு நாங்க என்னாதான் செஞ்சோம்?”

அதைவிடச் சுருக்கமாக என்னைப் பற்றி யாரும் இதுவரை சொன்னதில்லை. விக்கி எழுந்து நின்றான், ஈரக்காலோடு. சிரிப்பு போயிருந்தது. அவனுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது என்பது அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் அப்போதும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்து மெதுவாகக் காலைத் துடைத்துக்கொண்டான்.

நான் ஓடினேன்.

ஏன் தாம்பாளத்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனையில் பாசார் மாலாம், ராத்திரிச் சந்தை. கடை போடுகிறவர்களின் வேனும் லாரியும் பாதையை அடைத்துவிடும். அதை நம்பித்தான் ஓடினேன். இடுப்பில் ஈரத்துண்டு, காலில் செருப்பில்லை. வாரக்கணக்கில் எண்ணெய் தடவிப் பதப்படுத்திய குதிகால் தாரோட்டில் பட்டுப் பட்டுப் பழைய நிலைமைக்குத் திரும்பியது. அப்பம் பாலேக் கிழவர் கரண்டியோடு எழுந்து நின்று, “அந்தோணி! அப்பா பசால்?” என்று கேட்டார். ‘என்ன விஷயம்’ என்று மலாயில் கேட்கிறார். நின்று சொல்கிற விஷயமா அது?

வெள்ளைக் கார் கரும்புச்சாறு வேனுக்குப் பின்னால் நின்றிருந்தது. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பெரியவர் இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார்.

“ஐயா, அது பாத பூஜை இல்லீங்க. மன்னிப்புக் கேட்டேன்.”

“மன்னிப்புக் கேட்க வாய் இல்லையா உங்களுக்கு?”

“அதைத்தாங்க என் வீட்டுக்காரியும் கேட்டா.”

பின்சீட்டிலிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “எதுக்கு மன்னிப்பு? பையன் காலைக் கழுவுற அளவுக்கு என்னா செஞ்சீங்க?”

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபக்கூட்டம், புகைக்குழாய், நான் கையை நீட்டிக் கத்தியது, மோட்டார் செத்தது. பெரியவர் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். அவர் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறவராம். “தானா நின்னுச்சா? அது ஜெபத்துல இல்லீங்க, பேட்டரி வயர் லூசா இருந்திருக்கும்” என்றார்.

“உங்களைக் கேட்டாங்களா?” என்று அந்த அம்மா அவரை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “நாலு பேர் முன்னாடி பேய் ஓட்டுற மாதிரி கத்தினீங்க. அப்ப அந்தப் பையன் என்னா சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலம்மா. ‘சாரி, அங்கிள்’னான். மோட்டாரைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டான்.”

“திருப்பி ஒரு வார்த்தை பேசலையா?”

“இல்லம்மா.”

“இன்னைக்கு? இவ்வளவு ஆனப்புறம்?”

“இன்னைக்கும் பேசலம்மா.”

சொல்லும்போதே எனக்கு எதுவோ உள்ளே இடித்தது. தாம்பாளமும் இல்லாமல், மல்லிகையும் இல்லாமல், அந்தப் பையன் எனக்குமுன்னால் என்றைக்கோ குனிந்துவிட்டிருந்தான். நான்தான் அல்லேலூயா சத்தத்தில் பார்க்கவில்லை.

அந்த அம்மா கணவரின் தோளைத் தட்டினார். “காடியைத் திருப்புங்க.” (எங்கள் ஊர்ப் பேச்சில் காருக்கு அதுதான் பெயர்.)

“எங்க திருப்புறது? முன்னாடி கரும்பு வேனு, பின்னாடி சாத்தே வண்டி!”

“அப்ப நடங்க.”

இறங்கி நடந்தார்கள். கடைகளுக்கு நடுவில் முதலில் நான், கையில் தாம்பாளம்; பின்னால் பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும். அப்பம் பாலேக் கிழவருக்கு எது எப்படிப் புரிந்ததோ தெரியவில்லை, சுடச்சுட இரண்டு அப்பத்தை வெட்டி என் தாம்பாளத்தில் வைத்து அனுப்பினார். சீர்வரிசை ஊர்வலம் பூர்த்தியானது.

வீட்டில் நான் எதிர்பாராத ஒரு காட்சி. சுவரின் மேல் வரிசையாகக் கிண்ணங்கள். ஸ்டெல்லா இந்தப் பக்கம் நின்று பாயாசத்தை ஊற்றி ஊற்றி நீட்டுகிறாள். பரமேஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தப் பக்கம் வாங்கி வைக்கிறாள். அதற்குள் அவர்களுக்குள் பேசி முடிந்துவிட்டது. கிறிஸ்டினா ராஜம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

நான் போய்ச் சுவரருகே நின்றேன். “பரமு, அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா.”

பரமேஸ்வரி என் இடுப்புத் துண்டையும் தாம்பாளத்தையும் மேலும் கீழும் பார்த்தாள். “இதைச் சொல்றதுக்கா அண்ணே இத்தனை தண்ணி?” என்றாள். முதலில் சிரித்தது கணேசன்தான். வாசலில் வந்து நின்ற சம்பந்தியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. நேராக விக்கியிடம் போய், “தம்பி, அந்த மோட்டாரை எடுங்க, பார்ப்போம்” என்றார். அவர்கள் இரண்டு பேரும் பேட்டரிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தபோதே தேதி குறித்த மாதிரி ஆகிவிட்டது.

பெரிய வியாழன் இரவு ஃபாதர் என் முன்னால் வந்து குனிந்தார். வெடித்துக் கிழிந்த குதிகாலைப் பார்த்தார். “யாருக்குக் குனிஞ்சீங்க, அந்தோணி?” என்று மெல்லக் கேட்டார். “ஒரு மாப்பிள்ளைக்கு, ஃபாதர்” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பூசை முடிந்து ஸ்டெல்லா விளக்கினாள். அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டு, உள்ளே மௌனமாக ஆராதனையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்யாணம் சுங்கை பாக்காப்பில் நடந்தது. பரமேஸ்வரி முதலிலேயே சொல்லிவிட்டாள்: “அண்ணே, இந்தத் தடவை பந்திக்கு ஓடக் கூடாது. முன்னாடி உட்கார்ந்து பார்த்துக் கத்துக்கங்க.” உட்கார்ந்தேன். பெரியவர் மேடையில் குனிந்து விக்கியின் காலைத் தொட்டார். அவ்வளவுதான். பையன் கண் கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. “ஹிஹி” என்றான். பெரியவர் நிமிர்ந்து, ஐயர் முன்னாலிருந்த ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அந்தோணி, இவனை நீங்க எப்படிய்யா சமாளிச்சீங்க?” என்று கேட்டார். மண்டபம் அதிர்ந்தது. மேளக்காரர் தாளத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். யாருக்காவது உதவி செய்கிறேன் என்று நான் கிளம்பினால், ஸ்டெல்லா தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “கிண்ணமா, தாம்பாளமா?” முக்கால்வாசி நேரம் தாம்பாளமாகத்தான் இருக்கும். வெட்கத்தோடு கிண்ணத்துக்கு இறங்கி வருவேன். சுவரின் மேல் கிண்ணம் வைப்பதில் ஒரு பெரிய சாட்சியமும் இல்லை, யாரும் அல்லேலூயா சொல்வதுமில்லை. ஆனாலும் ஆண்டவர் அந்தச் சுவர்ப்பக்கம்தான் அதிகம் நடமாடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் கணேசனுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். நான் ஜெபக்குழுவையே திரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலைச் சுற்றி நிற்பது என்று திட்டம் போட்டேன். ஸ்டெல்லா கேட்டாள். நான் ஒரு கிண்ணம் கஞ்சியோடு தனியாகப் போனேன்.

கணேசன் ஒரு கண்ணில் கட்டோடு, கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சியை மேஜைமேல் வைத்தேன். அவருடைய செருப்பில் ஒன்று கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. எடுத்துக் கொடுக்கலாமே என்று மண்டியிட்டுக் குனிந்தேன்.

படக்கென்று இரண்டு காலையும் கட்டில்மேல் இழுத்துக்கொண்டார் மனுஷன்.

“வேணாம்ப்பா அந்தோணி!” என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினார். “எனக்குக் கல்யாணமாயிடுச்சு!”